சாலை போட்டவர்களும் சாலையில் விரைந்தவர்களும்

பக்கவண்டி பூட்டிய பழைய வெஸ்பா வண்டிகளில் சுற்றுலாப் பயணியரை அமர்த்தி, வழிகாட்டியே ஓட்டிச் சென்று நகரத்தைக் காட்டும் வழக்கம் சிங்கப்பூரில் அண்மை ஆண்டுகளில் தோன்றியிருக்கிறது. கம்போங் கிளாமின் சந்துகளில் புகுந்து, தேக்காவின் பின்தெருக்களைச் சுற்றி, பூச்சரத்தின் மணமும் மசாலா அரைக்கும் மணமும் மூக்கில் ஏற, பயணியர் மகிழ்ந்து திரும்புகின்றனர். கோபுரத்தைப் பார்க்கின்றனர், பள்ளிவாசலைப் பார்க்கின்றனர், வண்ணச் சுவர்களைப் படம் எடுத்துக்கொள்கின்றனர். சக்கரத்தின் கீழ்க் கிடக்கும் சாலையை மட்டும் எவரும் பார்ப்பதில்லை. அந்தச் சாலைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் தமிழர்க்குப் பெரும்பங்கு உண்டு. அதனை எழுத நம்மவர் சற்றே தயங்கியிருக்கின்றனர் என்பதும் உண்மை. தயக்கத்தின் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

முதலில் ஓர் ஓவியம். ஹைன்ரிச் லாய்ட்டமன் என்னும் செருமானிய ஓவியர் வரைந்தது. 1835ஆம் ஆண்டு நிகழ்ச்சியைக் காட்டுவது. அடர்ந்த காடு. ஜார்ஜ் கோல்மன் என்னும் ஆங்கிலேய அரசின் பொதுப்பணி மேற்பார்வையாளர் சாலை அமைக்க நில அளவை செய்துகொண்டிருக்கிறார். புதரிலிருந்து புலியொன்று பாய்கிறது. அளவைக்கருவி முக்காலியோடு சரிகிறது. சுற்றி நின்ற பணியாட்கள் மல்லாந்தும் குப்புறவும் விழுகின்றனர். புலி கருவியை வீழ்த்தியதேயன்றி ஆட்களைத் தீண்டவில்லை என்பது செய்தி. கோல்மனின் பெயர் இன்றும் நகரின் நடுவே ஒரு தெருவுக்கு இருக்கிறது. விழுந்து கிடக்கும் பணியாட்களின் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் யாவர் எனின், இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். கோல்மன் பொதுப்பணிகளுக்கு மட்டுமன்றி, 1833 முதல் கைதிகளுக்கும் மேற்பார்வையாளராக இருந்தவர். இரண்டு பதவிகளும் ஒருவர் கையில் இருந்தமையே அக்காலச் சிங்கப்பூர் எவ்வாறு கட்டப்பட்டது என்பதைச் சொல்லிவிடும்.

1825ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சுமத்திராவின் பென்கூலனிலிருந்து கப்பலில் வந்திறங்கிய எண்பது கைதிகளே இத்தீவுக்கு வந்த முதற்கூட்டத்தார். அவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து நாடுகடத்தப்பட்டவர்கள். அடுத்த சில நாளிலேயே வங்காளத்துக் கைதிகள் வந்தனர். பின்னர்ப் பம்பாயிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்தனர். ஆகவே கைதிகள் அனைவரும் தமிழரே என்று கூறுவது பொருந்தாது; ஆனால் தொடக்கம் சென்னையிலிருந்து வந்தோரால் ஆயிற்று என்பதில் ஐயமில்லை. 1873இல் கைதிகள் சிறை மூடப்படும்வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், சதுப்பைத் தூர்த்ததும் காட்டை வெட்டியதும் செம்புறைக் கல்லைப் பரப்பி இடித்ததும் இவர்கள் கைகளே. வடக்குப் பாலச் சாலை, தெற்குப் பாலச் சாலை, சிராங்கூன் சாலை, 1845இல் தீவைக் குறுக்கே கடந்து கிராஞ்சி வரை எட்டிய புக்கிட் தீமா சாலை ஆகியன இவர்கள் உழைப்பால் ஆனவை. செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயமும், இன்று அதிபர் மாளிகையாக விளங்கும் இஸ்தானாவும் அவ்வாறே.

பேராலயத்தின் சுவரைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்லத் தோன்றுகிறது. அதன் வெண்மைக்குக் காரணம் மதராஸ் சுண்ணம். கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுக் குழைத்துப் பூசி, உலர்ந்தபின் வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்க்கு இந்த நுட்பம் புதிதன்று. சிராங்கூன் சாலைப் பகுதியைத் தமிழர் முன்னாளில் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்ததும் அங்கிருந்த சுண்ணாம்புக் காளவாய்களால்தான். 'கம்போங்' என்னும் மலாய்ச் சொல் தமிழன் நாவில் 'கம்பம்' ஆகி, சுண்ணாம்போடு சேர்ந்துகொண்ட அழகை மொழியாசிரியர்கள் வகுப்பில் எடுத்துச் சொல்லலாம்.

கைதிகளை ஆண்ட முறையும் வியப்புக்குரியது. வெளியிலிருந்து காவலரை அமர்த்துவதற்கு மாறாக, நன்னடத்தை உடைய கைதிகளையே படிப்படியாக உயர்த்திப் பிற கைதிகளுக்குக் காவலராக்கினர். இம்முறையின் கடைசி மேற்பார்வையாளர்களுள் ஒருவரான மெக்நேர், 1899இல் வெளிவந்த தம் நூலுக்குத் 'தமக்குத் தாமே காவலரான கைதிகள்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். காவல் அலுவலர்களுள் ஒரு வகையினர்க்கு 'டிண்டல்' என்று பெயர். படகோட்டிகளின் தலைவனைக் குறிக்கும் நம் 'தண்டல்' என்னும் சொல்லே அது. கடலிலிருந்து கரையேறிக் காட்டுக்குள் சாலைப் பணிக்குத் தலைமை தாங்கிய சொல்! புலிகள் பெருகி மக்களைக் கொன்றபோது, துப்பாக்கி கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பப்பட்டவர்களும் கைதிகளே. தப்பி ஓடக்கூடும் என்று அஞ்சி விலங்கிட்டுக் கொண்டுவந்த மனிதனிடம் துப்பாக்கியைக் கொடுக்கும் நிலை வந்தது. அவன் திரும்பியும் வந்தான். அத்தீவின் உட்காட்டு வழிகளை அவனைப்போல் அறிந்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே. சுருங்கச் சொன்னால், சிங்கப்பூரின் உள்வழிகளுக்கு முதல் வழிகாட்டிகளுள் அவனும் ஒருவன்.

தண்டனைக் காலம் முதிர்ந்து உரிமைச் சீட்டுப் பெற்ற கைதிகள் நகரில் தங்கிப் பிழைக்க இசைவு பெற்றனர். அவர்களுட் பலர் மாட்டுவண்டி ஓட்டினர். மாடு வளர்த்துப் பால் விற்றனர். சிராங்கூன் சாலையின் சதுப்பு நிலம் எருமைகளுக்கு ஏற்ற இடமாக இருந்தது. எருமைச் சாலை என்று பொருள்படும் பஃபலோ சாலையும், அதே பொருளை மலாயில் தாங்கிய கெர்பாவ் சாலையும், மாட்டு வணிகர் பெலிலியஸ் பெயரைத் தாங்கிய சந்தும் இன்றும் அதற்குச் சான்று. அருகிருந்த குதிரைப் பந்தயத் திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் பெயர்ந்தது. பெயர் மட்டும் ரேஸ் கோர்ஸ் சாலையாய்த் தங்கிவிட்டது. மாடு போயிற்று, குதிரை போயிற்று. பெயர்ப் பலகையில் மட்டும் அவை மேய்ந்துகொண்டிருக்கின்றன.

இனித் தயக்கத்தின் காரணத்துக்கு வருவோம். சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1819இல் ராஃபிள்ஸோடு கப்பலில் வந்த நாராயண பிள்ளையிலிருந்து தொடங்குவர். அவர் செங்கற்சூளை நடத்தினார். மாரியம்மன் கோவிலை நிறுவினார். பெருமைக்குரிய தொடக்கந்தான், மறுப்பார் இல்லை. வணிகர், செட்டியார், சிப்பாய், ஆசிரியர் என்று பட்டியல் நீள்கிறது. கைதி என்று வரும்போது பேனா வேகமாக ஓடுகிறது; ஓரிரு வரியோடு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறது. முன்னோரைக் குற்றவாளி என்று கூற யார்க்கு மனம் வரும்? ஆனால் கும்பெனியார் நீதிமன்றத்தில் குற்றம் எனப்பட்டது எல்லாம் குற்றமா என்று ஒரு கேள்வி உண்டு. குற்றமே ஆயினும், நாற்பது ஆண்டு கல்லுடைத்தவன் அந்தக் கல்லின்மேல் நடப்பவர்க்கு அயலான் ஆகிவிடுவானா என்று மற்றொரு கேள்வியும் உண்டு. ஆஸ்திரேலியர் தம் கைதி முன்னோரை நெடுங்காலம் மறைத்து, பின்னர்த் தேடித் தேடிப் பதிவேடுகளைப் புரட்டினர். நாமும் புரட்டலாம் என்பதே இக்கட்டுரையாசிரியன் கருத்து.

கோல்மனுக்குப் பின் அரசின் நில அளவையாளராக 1841 முதல் 1853 வரை பணியாற்றியவர் ஜான் டர்ன்புல் தாம்சன். கடல் நடுவே ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவர். பின்னாளில் நியூசிலாந்தின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனவர். வடக்கு நோக்கி, கம்பீர் மிளகுத் தோட்டங்களின் ஊடே சென்ற சாலை அவர் பெயரைப் பெற்றது. அந்தத் தாம்சன் சாலையின் மேற்பகுதி, நீர்த்தேக்கக் காட்டின் ஓரமாக, பாம்பு நெளிவதுபோல் வளைந்து செல்லும். அந்த வளைவுகளே பின்னர் அதற்குப் புகழும் பழியும் தேடித்தந்தன.

1961இல் சுற்றுலாவை வளர்க்கும் நோக்கத்தோடு அங்கே கிராண்ட் பிரீ பந்தயம் தொடங்கப்பெற்றது. கார்களோடு மோட்டார் சைக்கிள்களுக்கும் தனிப் பந்தயம் உண்டு. சுற்று ஒன்றின் நீளம் ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர். தனியே கட்டிய பந்தயத் தடம் அன்று. மற்ற நாளில் பேருந்தும் லாரியும் ஓடிய பொதுச்சாலை. ஓரத்தில் மழைநீர் வாய்க்கால், விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம், மரம். 'பாம்புகள்' என்று ஒரு வளைவுத் தொடருக்கும், 'சாத்தான் வளைவு' என்று மற்றொன்றுக்கும் ஓட்டிகள் பெயர் சூட்டினர். பெயரே போதும், அபாயத்தை உணர. பல்லாயிரவர் சாலையோரத்தில் கூடி நின்றனர். அயல்நாட்டிலிருந்து வந்த ஓட்டிகளோடு உள்ளூர் ஓட்டிகளும் மோதினர். 1962 முதல் மலேசியக் கிராண்ட் பிரீ என வழங்கிய பந்தயம், சிங்கப்பூர் தனிநாடான பின் 1966இல் சிங்கப்பூர் கிராண்ட் பிரீ ஆயிற்று. அவ்வாண்டு கார்ப் பந்தயத்தில் வென்றவர் உள்ளூர்க்காரரான லீ ஹான் செங். நாடு பிறந்த மறு ஆண்டில் கிடைத்த அவ்வெற்றி மக்களுக்கு எத்துணை இனித்திருக்கும்!

ஆயினும் உயிர்ப்பலிகள் நேர்ந்தன. காரோட்டியைச் சுற்றி இரும்புக் கூடாவது இருந்தது. மோட்டார் சைக்கிளோட்டிக்குத் தலைக்கவசமும் தோல் உடையும் அன்றி வேறு காப்பில்லை. வேக வெறி இளைஞரிடையே பரவுமோ என்ற கவலையும் எழுந்தது. 1973ஆம் ஆண்டுப் பந்தயத்தோடு அது நிறுத்தப்பட்டது. மீண்டும் கிராண்ட் பிரீ வந்தது 2008இல். அப்போது கார்கள் மரீனா பே பகுதியில், இரவில், மின்விளக்கின் ஒளியில் ஓடின.

பந்தய நாள்கள் ஆண்டுக்குச் சிலவே. மற்ற நாள்களில் இச்சாலை தொழிலாளர் சாலை. வடக்கே நீ சூனையும் கடந்து செம்பவாங்கில், 1938இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில், தமிழரும் மலையாளிகளும் திரளாகப் பணியாற்றினர். முதலில் மிதிவண்டி, சிறிது பணம் சேர்ந்தவர்க்கு மோட்டார் சைக்கிள். சங்கு ஊதியதும் வாயிலிலிருந்து வெள்ளமெனப் புறப்படும் கூட்டத்தில் வேகத்துக்குப் பரிசில்லை. நேரத்துக்கு வீடு சேர்ந்தால் போதும். கேன்பரா சாலையருகே ஒரு மரத்தடியில் 1960களில் அத்தொழிலாளர் முருகனை வழிபடத் தொடங்கினர். அதுவே புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமாய் வளர்ந்து, பின்னர் யீஷூனில் குடியேறியது. 1971இல் பிரிட்டிஷ் படை விலகியபோது பலர் வேலை இழந்தனர். சிலர் ஊர் திரும்பினர். சிலர் இங்கேயே வேறு தொழில் தேடினர். கோவில் அவர்களோடு இருந்தது.

இன்றும் விடியுமுன் ஜொகூரிலிருந்து கடற்பாலத்தைக் கடந்து ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் உட்லண்ட்ஸுக்குள் நுழைகின்றன. மழைச்சட்டை போர்த்தி, பின்னால் சோற்றுப் பொட்டலம் கட்டி வரும் அவ்வோட்டிகளில் தமிழரும் பலர். தோட்டப்புறத்தில் பிறந்து இங்கே கூலிக்கு வருவோரும் உள்ளனர். சோதனைச் சாவடியில் வரிசை நீளும். வெயில் ஏறும்முன் வேலைத்தலம் சேர வேண்டும் என்பதே அவர்கள் கவலை.

பழைய மேல் தாம்சன் சாலையோ இப்போது ஒருவழிச் சாலை. கிராண்ட் பிரீ நடந்ததைச் சொல்லும் பலகைகள் அங்கே நடப்பட்டுள்ளன. வளைவுகளின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. மாலையில் போனால் நடைப்பயிற்சிக்கு வந்தவர்களும் மிதிவண்டிக்காரர்களும் தென்படுவர். கைப்பிடிச் சுவரில் குரங்குகள் குட்டிகளோடு அமர்ந்து, விரைந்து வரும் மோட்டார் சைக்கிளின் ஒலி கேட்டதும் காட்டுக்குள் தாவுகின்றன.