கெடாது காக்கும் கலை

சங்கரன்கோவிலில் கோமதியம்மன் அருட்பிரசாதமாகத் தரப்பெறும் புற்றுமண்ணைச் சரும நோய்க்கும் விஷ ஜந்துக்களின் தொல்லைக்கும் நிவாரணமாக எண்ணி நெற்றியிலிட்டும் மேனியிற் பூசியும் வரும் வழக்கம் பல தலைமுறைகளாக இருந்து வருவது. ஆடித்தபசுக்கு வரும் பக்தர் அதை முந்தானையில் முடிந்து கொண்டுபோய், வீட்டு மாடத்தில் வைத்து, வேண்டும்போது கிள்ளி எடுத்துக்கொள்வர். அதன் குணத்தை ஆராய்வது இங்கு என் நோக்கமன்று. சித்திரை வெயிலில் கரிசல் பாளம் பாளமாய் வெடிக்கும் ஒரு பிரதேசத்தில், எந்தப் பாதுகாப்பும் வேண்டாமல் வைத்தது வைத்தபடி இருக்கும் பொருள் அது என்பதே நான் கருதுவது.

மேனாட்டு வைத்தியம் நம்மிடம் வந்தபோது இந்தச் சௌகரியம் அதற்கு இல்லை. பெரியம்மையைத் தடுக்கும் அம்மைப்பாலானது வியன்னாவிலிருந்து கான்ஸ்டான்டிநோபிள், பாக்தாத், பஸ்ரா வழியாக, வழியில் பலமுறை ஒருவர் கையிலெழுந்த கொப்புளத்திலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிமாறி ஊர்ந்து, 1802ஆம் ஆண்டு ஜூன் மாதம் பம்பாயில் அன்னா டஸ்டால் என்னும் மூன்று வயதுக் குழந்தையை அடைந்தது. வேறு வகையில் அதை நெடுநாள் காப்பது அரிதாகையால் மனித உடலே அதற்குப் பாண்டமாயிற்று. சென்னை ராஜதானியின் சுகாதார அதிகாரியாயிருந்த டபிள்யூ. ஜி. கிங், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆட்டு ரோமக் கொழுப்பாகிய லானோலினில் அம்மைப்பாலைக் குழைத்து, உஷ்ணத்திலும் அதன் வீரியம் சற்று நீடிக்கச் செய்தார். 1899இல் தோன்றிய கிண்டி அம்மைப்பால் நிலையம் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தாம் செய்த மருந்து தொலைதூரக் கிராமத்தை உயிரோடு அடையுமா என்று கவலைப்பட்ட அந்த மனிதரை நாம் போதிய அளவு நினைப்பதில்லை.

அக்கவலைக்கு முழு விடை, 1950களில் லண்டன் லிஸ்டர் நிலையத்து லெஸ்லி காலியர் செய்த உறைஉலர்த்தலால் கிடைத்தது. பெப்டோன் சேர்த்து, உறையவைத்து, வெற்றிடத்தில் பனிக்கட்டியை நீராக்காமலே ஆவியாக்கி எடுத்துவிட்டால் எஞ்சும் தூள், 37 பாகை வெப்பத்தில் ஒரு மாதம் கிடந்தும் வீரியம் குன்றாதிருந்தது. அத்தூளைத் தயாரித்த இந்திய நிலையங்களுள் கிண்டியும் ஒன்று. 1975இல் பெரியம்மை இந்நாட்டை விட்டு அகன்றது.

இவ்வளவும் சொல்லக் காரணம், அதே உபாயம் பின்னர் அம்மைப்பாலினும் அற்பாயுளான ஒரு பொருளுக்குத் துணை வந்ததுதான். 1968இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் கிராமியாக், ஷா என்னும் இரு மருத்துவர்கள், இதயத்தினுள் ஒரு சாயத்தைச் செலுத்தியபோது ஒலியலை ஸ்கேன் படத்தில் மேகம்போல் ஒளி திரளக் கண்டனர். செவிக்கெட்டாத ஒலியலையை உரக்கத் திருப்பியனுப்பியவை ஊசியோடு புகுந்த காற்றுக்குமிழிகளே. வாழ்வின் நிலையாமைக்கு நம் முன்னோர் உவமை சொன்ன நீர்க்குமிழியையே ஸ்கேன் படத்தைத் துலக்கும் மருந்தாக்கி, புட்டியில் அடைத்து, மாதக்கணக்கில் காக்க வேண்டிய நிர்ப்பந்தம் அன்று பிறந்தது.

காரியம் எளிதன்று. ரத்த நுண்குழாயில் தடையின்றி ஓட வேண்டுமாயின் குமிழி சிவப்பணுவைவிடச் சிறிதாக, மில்லிமீட்டரில் சில ஆயிரத்திலொரு பங்காக இருத்தல் வேண்டும். அத்தனை சிறிய வெறும் காற்றுக்குமிழியோ, தன் பரப்பிழுவிசையின் அழுத்தத்தாலேயே ஒரு நொடிக்குள் நீரிற் கரைந்து மறையும். 1980களில் ஃபைன்ஸ்டைன் என்பவர் அதற்கு ஆல்புமின் புரதத்தால் ஓர் உறை அமைக்கும் வழியை வகுத்தார். பிறகு வந்தவர்கள் காற்றுக்குப் பதில் ரத்தத்தில் எளிதில் கரையாத கனத்த வாயுக்களை நிரப்பினர். ஆயினும் புட்டிக்குள் கிடக்கும்போதே வாயு கசியும். குமிழிகள் ஒன்றோடொன்று கூடும். சிறியவற்றின் வாயு பெரியவற்றைச் சேர்ந்து அவற்றைப் பருக்கச் செய்யும். ஆதலால் ஆல்புமின் குமிழி மருந்து குளிர்பெட்டியை விட்டு நீங்க இயலாததாயிற்று.

2001இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற சோனோவ்யூ என்னும் குமிழி மருந்து இதற்குக் கண்ட உத்தி அதிசயமானது: குமிழியைக் காப்பதையே கைவிட்டு, கொழுப்புப் பொருளை மேக்ரோகாலுடன் உறையவைத்து உலர்த்திய தூளாக்கி, கந்தக ஹெக்ஸாஃப்ளோரைடு வாயு சூழப் புட்டியில் அடைத்தனர். ஐந்து மில்லிலிட்டர் உப்புநீர் விட்டு இருபது நொடி குலுக்கினால் கோடிக்கணக்கான குமிழிகள் அப்போதே பிறக்கின்றன. ஆறு மணி நேரத்திற்குள் பயன்படுத்தினால் போதும். காலியருக்குப் பெப்டோன் செய்த உதவியை இங்கே மேக்ரோகால் செய்கிறது. வேறொரு மருந்தாகிய டெஃபினிட்டி இரண்டு முதல் எட்டுப் பாகைக் குளிரில் இருந்தே தீரவேண்டும் என்ற நிலையும் மாறி, அறைவெப்பத்தில் வைக்கத்தக்க அதன் புதுவடிவம் 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஆனால் அறைவெப்பம் என்று அவர்கள் சொல்வது சுமார் 25 பாகை. உஷ்ண நாடுகளுக்கான சோதனையிலும் மருந்தின் ஆயுளை 30 பாகையில் வைத்தே கணிக்கிறார்கள். சித்திரை மாத நடுப்பகலில், மின்சாரம் நின்றுபோன ஒரு சங்கரன்கோவில் மருந்துக்கடையின் அலமாரி அதனினும் சூடானது. கிங் லானோலினைக் குழைத்தது இத்தகைய உஷ்ணத்தை எண்ணித்தான். குமிழி மருந்தைச் செய்வோரும் அந்த அலமாரியைத் தம் சோதனைச்சாலையாகக் கொள்ள வேண்டுமென்று நான் மனமார விரும்புகிறேன்.