காலைக் கழற்றி வைத்து நீந்துகிறவர்கள்

மாரிகாலத்தில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும்போது, சொறிக்கல்முனையிலிருந்து கல்முனைக்குப் போவது எங்கள் ஊரவருக்குப் பெரும் பாடு. இரண்டு காலும் உள்ளவர்களே தடுமாறும் அந்த நீரோட்டத்தில், ஒரு செயற்கைக் காலோடு மற்றவரின் தோளைப் பிடித்துக்கொண்டு பலமுறை கடந்திருக்கிறேன். 1996இல், எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, வயல் வரம்பில் புதைந்திருந்த மிதிவெடி எனது இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டு போனது.

அதற்கு முன்னர் நான் நன்றாக நீந்துவேன். அதற்குப் பின்னர் இருபத்தெட்டு ஆண்டுகள் தண்ணீரில் இறங்கவில்லை. நீந்த முடியாது என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. நீந்துவதென்றால் கரையில் நின்று, எல்லோரும் பார்க்கக் காலைக் கழற்றி வைக்க வேண்டும். அந்த வெட்கம்தான் என்னைக் கரையிலேயே நிறுத்தியது. போரில் அங்கம் இழந்த பலருக்கு இது விளங்கும்.

2024 செப்டெம்பர் 2ஆம் திகதி பரிஸ் பராலிம்பிக்கின் ட்ரையத்லன் போட்டிகள் நடந்தன. கைத்தொலைபேசியில் அவற்றைப் பார்த்த நாளில் அந்த வெட்கம் கொஞ்சம் கழன்றது. அந்த விளையாட்டைப் பற்றியும், அதற்காக ஒரு வீரர் வெளிநாட்டில் எப்படித் தயாராகிறார் என்பது பற்றியும் நான் தேடி அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

இப்ராஹிம் அல் ஹுசைன்

அன்று பங்கேற்றவர்களில் ஒருவர் இப்ராஹிம் அல் ஹுசைன். 1988இல் சிரியாவின் டெயிர் எஸ்ஸோர் நகரில் பிறந்தவர். தந்தை நீச்சல் பயிற்றுவிப்பாளர் என்பதால் யூப்ரடீஸ் ஆற்றில் நீந்தி வளர்ந்தவர். 2012இல் தூரத்திலிருந்து சுடப்பட்டு வீழ்ந்த நண்பரைக் காப்பாற்ற ஓடியபோது குண்டு வெடித்து, வலது காலின் கீழ்ப்பகுதியை இழந்தார். துருக்கிக்குத் தப்பிச் சென்று, 2014இல் இறப்பர்ப் படகில் கிரேக்கத்தின் சாமோஸ் தீவை அடைந்தார்.

ஏதென்ஸ் நகரில் ஒரு வைத்தியர் அவருக்குச் செயற்கைக் காலைப் பணம் வாங்காமல் பொருத்தினார். உணவகமொன்றில் இரவு வேலை செய்துகொண்டே அவர் மீண்டும் நீச்சல் தடாகத்துக்குப் போனார். 2016 ஏப்ரலில் ஏதென்ஸின் எலியோனாஸ் அகதி முகாமினூடாக ஒலிம்பிக் சுடரை ஏந்திச் சென்றார். அதே ஆண்டு ரியோ பராலிம்பிக்கில் அகதிகள் அணியில் நீந்தினார், டோக்கியோவிலும் நீந்தினார். பரிஸில், முப்பத்தைந்து வயதைக் கடந்த நிலையில், நீச்சலோடு சைக்கிளும் ஓட்டமும் சேர்ந்த ட்ரையத்லனுக்கு மாறி வந்திருந்தார்.

படகில் போனவர்களின் கதை எங்களுக்குப் புதிதல்ல. அகதி முகாமும் புதிதல்ல. அந்தப் பாதையில் போன ஒருவர் உலகமே பார்க்கச் செயற்கைக் கால் இல்லாமல் ஆற்றில் குதிப்பதைத்தான் நான் அதற்கு முன்னர் கண்டதில்லை.

மூன்று போட்டிகள், ஒரே கடிகாரம்

பரா ட்ரையத்லனில் 750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம் ஆகியவற்றை இடைவிடாமல் முடிக்க வேண்டும். ஒலிம்பிக் ட்ரையத்லன் தூரத்தில் இது சரிபாதி. பராலிம்பிக்கில் முதன்முதலாக 2016இல் ரியோவில் இது சேர்க்கப்பட்டது.

வீரர்கள் இயலாமையின் தன்மைக்கேற்ப வகுக்கப்படுகிறார்கள். சக்கர நாற்காலிப் பிரிவினர் நீந்திய பின்னர் கையால் மிதிக்கும் சைக்கிளிலும், பந்தயச் சக்கர நாற்காலியிலும் செல்வர். நின்று ஓடக்கூடியவர்களுக்கு பி.ரி.எஸ். 2 முதல் 5 வரை நான்கு பிரிவுகள். இலக்கம் குறையக் குறைய இயலாமை கூடியது என்று பொருள். இப்ராஹிம் 3ஆம் பிரிவில் போட்டியிட்டார். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் தமது பாலினத்தைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவருடன் போட்டியிடுவர். நீரிலும் ஓட்டத்திலும் இருவரையும் ஒரு கயிறு இணைக்கும். சைக்கிள் இருவர் மிதிக்கும் நீண்ட சைக்கிள். இந்தப் பிரிவில் டோக்கியோவிலும் பரிஸிலும் தங்கம் வென்ற ஸ்பெயினின் சுசானா ரொட்ரிகஸ் ஒரு வைத்தியர்.

நீச்சலில் செயற்கைக் கால் கூடாது. நீரிலிருந்து வெளியேறும் இடத்தில் உதவியாளர்கள் கைகொடுத்துத் தூக்குவார்கள். பின்னர் மாறுமிடத்தில் சைக்கிளுக்கு ஒரு கால், ஓட்டத்துக்கு வளைந்த தகடு போன்ற வேறொரு கால் என்று மாற்றிக்கொள்வார்கள். கடிகாரம் அங்கேயும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே காலைக் கழற்றுவதும் மாட்டுவதும் அவர்களுக்குப் பயிற்சி செய்ய வேண்டிய திறமை. நான் இருபத்தெட்டு ஆண்டுகள் ஒளித்துச் செய்ததை அவர்கள் வினாடிக் கணக்கில் பழகுகிறார்கள்.

போட்டிக்கு முந்திய நாட்கள்

வெளிநாட்டில் இறங்கிய உடனேயே போட்டி இல்லை. அதற்கு முந்திய நாட்களில்தான் பாதி வேலை முடிகிறது.

முதலாவது பயணம். நீண்ட நேரம் விமானத்தில் இருந்தால் வெட்டுண்ட காலின் எஞ்சிய பகுதி வீங்கும். கழற்றி வைத்த செயற்கைக் கால் இறங்கும்போது ஏறாமல் போகலாம். அதனால் இறுக்கமான உறையை அணிந்திருப்பார்கள். இலங்கைக்கும் கோடைகாலப் பரிஸுக்கும் மூன்றரை மணிநேர வித்தியாசம் உண்டு. உடல் அதற்குப் பழக ஓரிரு நாட்களாவது தேவை.

இரண்டாவது வகைப்படுத்தல். சர்வதேசப் போட்டிக்கு முதன்முறை வருபவர், தனது நாட்டு வைத்தியர் நிரப்பிய மருத்துவப் படிவத்தை முன்கூட்டியே அனுப்பியிருக்க வேண்டும். அங்கே நிபுணர்கள் அவரது தசை வலிமையையும் மூட்டு அசைவையும் பரிசோதித்துப் பிரிவைத் தீர்மானிப்பார்கள். எத்தனை மாதம் பயிற்சி செய்திருந்தாலும், இந்தப் பரிசோதனையைக் கடக்காமல் போட்டியில் நிற்க முடியாது.

மூன்றாவது வெப்பமும் தோலும். அங்கம் இழந்தவருக்கு வியர்வை வெளியேறும் தோற்பரப்பு குறைவு. உடல் விரைவில் சூடேறும். செயற்கைக் காலின் உள்ளுறையில் வியர்வை தேங்கினால் கால் வழுக்கும், தோல் உரசிப் புண்ணாகும். சிறு கொப்புளம் ஒன்றே பல மாத உழைப்பை வீணாக்கிவிடும். வெப்பமான ஊருக்குப் போகிறவர்கள் உடலைப் பழக்குவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஒதுக்குகிறார்கள்.

நான்காவது பாதை. திருப்பம் எங்கே, மேடு எங்கே, தனது கதிரையையும் கால்களையும் எந்த வரிசையில் வைப்பது என்பதை முன்கூட்டியே மனதில் பதிக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் எல்லாம் கைக்குள் இருப்பதில்லை. பரிஸில் செப்டெம்பர் 1ஆம் திகதிக்குரிய போட்டிகள், மழையால் செய்ன் ஆற்று நீரின் தரம் கெட்டதால், மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. ஆற்றைத் துப்பரவாக்க ஏறத்தாழ 1.4 பில்லியன் யூரோ செலவிட்ட நகரத்திலேயே அப்படி. உண்ணவும் உறங்கவும் நேரம் குறித்து வைத்திருந்த வீரர்கள் எல்லாவற்றையும் ஒரு நாள் தள்ளிவைத்துக் காத்திருந்தார்கள்.

எங்கள் பக்கம்

இலங்கைக்கு முதலாவது பராலிம்பிக் பதக்கத்தை 2012இல் இலண்டனில் 400 மீற்றர் ஓட்டத்தில் பிரதீப் சஞ்சய பெற்றார். ஈட்டி எறிதலில் தினேஷ் பிரியந்த ஹேரத் ரியோவில் வெண்கலமும், டோக்கியோவில் 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையுடன் தங்கமும் வென்றார். அவர் போரில் கையில் காயமடைந்த இராணுவ வீரர். அவரது உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அவருக்குப் பின்னால் சம்பளமும் மைதானமும் பயிற்றுவிப்பாளரும் கொண்ட ஒரு படை இருந்தது. அதே போரில் அங்கம் இழந்த எங்கள் பிள்ளைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தாய்தான் இருந்தாள்.

எனக்கு முதலில் கிடைத்த கால் ஒரு விரற்கடை உயரம் கூடியது. திருத்தித் தரும்படி மூன்று முறை போய்க் கேட்டேன். "நடந்தால் பழகிவிடும்" என்றார்கள். பழகியது எனது இடுப்பு வலிதான். பின்னர் ஜெய்ப்பூர் கால் கிடைத்தது. 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் வைத்தியர் பிரமோத் கரண் சேத்தியும் உருவாக்கியது அது. சேற்றிலும் வயலிலும் நடக்க அது நல்லது. பந்தய ஓட்டத்துக்குரிய தகட்டுக் கால் வேறு. அதன் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது.

சட்டம் இல்லாமல் இல்லை. இயலாமை உள்ளோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல், எனக்குக் கால் போன அதே ஆண்டில், வந்தது. இயலாமை உள்ளோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017இல் இணைந்தது. அந்தச் சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை விளையாட்டில் பங்கேற்கும் உரிமையையும் சொல்கிறது. கேட்க வேண்டியவர்கள் நாங்கள். கேட்பதற்கு முதலில் அது எமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்கலாம்

தகட்டுக் கால் இல்லாமலும் தொடங்கலாம். நீச்சலுக்குக் காலே தேவையில்லை. சைக்கிளுக்கு, நற்பிட்டிமுனையில் சைக்கிள் திருத்தும் நானா ஒருவர் எனது இடது மிதிகட்டையில் ஒரு பழைய செருப்பை வாரோடு இறுக்கித் தந்தார், கால் வழுக்குவதில்லை. கூலி கேட்டதற்கு, "ஓடிக் காட்டுங்க தம்பி, பிறகு பார்ப்பம்" என்றார்.

பிள்ளைகளைப் பயிற்றுவிக்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். வாவியில் முதலைப் பயம் உண்டு. அங்கே இறக்க வேண்டாம். கடலென்றால் வாடைக்காற்று ஓய்ந்து அலை அடங்கிய மாதங்களில், மீனவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு மட்டும். ஒவ்வொரு நாளும் காலின் எஞ்சிய பகுதியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்; சிவந்திருந்தால் அன்று ஓட்டம் வேண்டாம். காயம், சத்திரசிகிச்சை பற்றிய வைத்தியசாலைத் துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வகைப்படுத்தலுக்கான மருத்துவப் படிவம் அவற்றை வைத்துத்தான் நிரப்பப்படும்.

எனக்கு இப்போது நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. நான் எந்தச் சர்வதேசப் போட்டிக்கும் போகப் போவதில்லை. கடந்த சித்திரையில் பாண்டிருப்புக் கடற்கரையில், வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால், காலைக் கழற்றி மணலில் வைத்துவிட்டுக் கடலில் இறங்கினேன். இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு வலையை இழுத்தார்கள். நான் திரும்பி வந்தபோது, ஒரு சிறுவன் அந்தக் காலுக்குள் மணல் போகாமல் துவாயால் மூடி, பக்கத்தில் காவல் இருந்தான்.