பி.பி.சி. மைக்ரோவும் எஸ்.டி. அட்டையும்: காப்பாற்றியது எது, கைவிட்டது எது?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட பி.பி.சி. மைக்ரோ, இன்றும் சேகரிப்பாளர்கள் பலரின் மேசைகளில் இயங்கிக்கொண்டிருக்கிறது. அதன் 6502 நுண்செயலியின் வேகம் 2 மெகாஹெர்ட்ஸ்; ‘பி’ மாதிரியின் நினைவகம் 32 கிலோபைட். இவை எதுவும் மாறவில்லை. மாறியிருப்பது சேமிப்பகம் மட்டுமே: நெகிழ்வட்டும் வன்தட்டும் இருந்த இடத்தில் எஸ்.டி. அட்டை வந்து அமர்ந்திருக்கிறது. 1999இல் அறிவிக்கப்பட்ட ஓர் ஊடகம், தன்னைவிடப் பதினெட்டு ஆண்டுகள் மூத்த கணினியோடு பொருந்தியது எவ்வாறு? இது பொறியாளர்களுக்கு மட்டுமே உரிய கேள்வியன்று. ஆவணக் காப்பைப் பற்றிச் சிந்திக்கும் வரலாற்று மாணவர்களுக்கும் உரியது.

அக்காலத்தின் சேமிப்பு முறைகளை முதலில் நினைவுகூர்வோம். ஒலிநாடாவிலிருந்து தரவு நொடிக்கு 1200 பிட் வேகத்தில் வந்தது. 20 கிலோபைட் நிரல் ஒன்றை ஏற்ற ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டின் ஒரு பக்கத்தில் 80 தடங்கள், தடத்திற்கு 10 பகுதிகள், பகுதிக்கு 256 பைட்: மொத்தம் 200 கிலோபைட். எத்தனை சிறிய கோப்புகளாயினும் 31க்கு மேல் அதில் இடமில்லை. வின்செஸ்டர் என்றழைக்கப்பட்ட வன்தட்டுகளும் கிடைத்தன; ஆயினும் அவை பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாத விலையில் இருந்தன.

எஸ்.டி. அட்டை நுழைவதற்கான வழி, அதன் வருகைக்கு நெடுநாள் முன்பே திறந்துவிடப்பட்டிருந்தது. பி.பி.சி. மைக்ரோவின் இயக்க முறைமை, கோப்பு முறைமையைத் தன்னோடு பிரிக்க முடியாதவாறு பிணைத்துக்கொள்ளவில்லை. நாடா, நெகிழ்வட்டு, வலையமைப்பு என எதுவாயினும், அதற்குரிய மென்பொருளை ஒரு ரோம் சில்லாகச் செருகினால் போதும். ‘கோப்பைத் திற’, ‘கோப்பைப் படி’ என்னும் அழைப்புகள் அதற்குத் திருப்பிவிடப்படும். இயக்க முறைமையின் வழியாக முறைப்படி கோப்பைக் கேட்கும் நிரலுக்கு, அக்கோப்பு எங்கிருந்து வருகிறது என்பது தெரியவேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டையே இன்றைய ஆர்வலர்கள் பயன்படுத்திக்கொண்டனர். எஸ்.டி. அட்டைக்கு எஸ்.பி.ஐ. என்னும் எளிய தொடர்முறை உண்டு. சில கம்பிகளின் வழியே பிட் பிட்டாகப் பேசினால் அது பதிலளிக்கும். கணினியின் யூசர் போர்ட்டில் உள்ள 6522 சில்லால் இதைச் செய்ய முடியும். அட்டை 3.3 வோல்ட்டிலும் கணினி 5 வோல்ட்டிலும் இயங்குவதால் இடையில் மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அவ்வளவே. எம்.எம்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமை, அட்டையிலுள்ள ஒரே கோப்புக்குள் 511 நெகிழ்வட்டுப் படிமங்களை வைத்துக்கொள்கிறது. மற்றொரு வழி பீப்ஸ்கஸி: இது கணினியின் 1 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் இணைந்து, பழைய வின்செஸ்டர் வன்தட்டைப் போலவே நடந்துகொள்கிறது. கணினி வன்தட்டோடு பேசுவதாகவே கருதுகிறது. தரவு வருவதோ மைக்ரோ எஸ்.டி. அட்டையிலிருந்து.

ஆக, இக்கணினியைக் காப்பாற்றியது அட்டை மட்டுமன்று. தயாரித்தவர்கள் மூடிவைக்காமல் விட்ட இணைப்பு முனைகளும், விளக்கமாக எழுதி வெளியிட்ட கையேடுகளுமே அதற்கு அடிப்படை.

ஆனால் அட்டை எதைக் காப்பாற்றுகிறது? யாரேனும் ஏற்கெனவே படியெடுத்ததை மட்டுமே. புகழ்பெற்ற விளையாட்டுகள் ஆயிரம் முறை படியெடுக்கப்பட்டுவிட்டன. ஓர் ஆசிரியர் தம் வகுப்புக்கென எழுதிய பயிற்சி நிரலை யார் படியெடுத்தார்கள்?

இக்கேள்வி இந்தியாவுக்கும் நேரடியாக உரியது. 1984-85இல் நம் பள்ளிகளில் தொடங்கிய ‘கிளாஸ்’ கணினிக் கல்வித் திட்டத்தில் பயன்பட்டது இதே பி.பி.சி. மைக்ரோதான். மொகாலியின் செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் இதனை ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இங்கேயே தயாரித்தது. இந்தியப் பள்ளிக்கல்வியில் கணினி நுழைந்த வரலாற்றின் முதல்நிலைச் சான்றுகளுள் அக்கால நெகிழ்வட்டுகளும் அடங்கும். திட்ட அறிக்கைகள் நூலகங்களில் கிடைக்கும். வகுப்பறையில் மாணவர்கள் உண்மையில் என்ன தட்டச்சு செய்தார்கள் என்பது அவ்வட்டுகளில்தான் இருக்கும். காந்தப் பூச்சு உதிர்ந்தபின் எந்த அட்டையாலும் அதை மீட்க இயலாது.

எனவே, பழைய பள்ளி அலமாரிகளிலோ ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வீடுகளிலோ இத்தகைய வட்டுகளைக் காணும் நண்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள். உறையையும் அதன்மேல் உள்ள கையெழுத்தையும் முதலில் படமெடுங்கள். வட்டின் ஓரத்திலுள்ள வெட்டை ஒட்டுத்தாளால் மூடுங்கள். அதன்பின் தவறுதலாகக்கூட அதில் எழுத முடியாது. கோப்பு கோப்பாக நகலெடுக்காமல் முழு வட்டையும் படிமமாக எடுங்கள். ஏனெனில், இம்முறைமையில் ஒரு கோப்பை அழித்தால் பட்டியலிலிருந்து பெயர் மட்டுமே நீங்கும். அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே இருக்கும். கைவிடப்பட்ட வரைவுகளும் வரலாற்றாய்வாளருக்குச் சான்றுகளே.

படிமம் எடுத்தபின் மூல வட்டை எறிந்துவிட வேண்டாம். எஸ்.டி. அட்டையும் நிலையானதன்று, அதில் மின்னேற்றமாகத் தேங்கிய தரவும் காலப்போக்கில் கசிந்துவிடும். படிமத்தின் பிரதிகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கட்டும். உங்கள் பள்ளியில் இக்கணினி இருந்ததுண்டா? வட்டுகள் எஞ்சியுள்ளனவா? தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.