திதி கொடுக்க ஒரு மகன்

எனக்கு 38 வயசு. இனிமேல் குழந்தை வேண்டுமா என்று வீட்டில் யோசிக்கிறோம். திருவண்ணாமலைச் சொந்தங்கள் கேட்பது ஒன்றுதான்: "கடைசி காலத்துல யாரு பாத்துப்பாங்க?"

இந்த ஊரில் அதற்கு ஒரு பழைய பதில் உண்டு. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே மகனானார் என்கிறது தலக்கதை. இன்றும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் போய் அவருக்குத் திதி கொடுக்கிறார்.

வரலாறு வேறு மாதிரி. ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் 1342இல் மதுரை சுல்தான் படையிடம் சிக்கிக் கொல்லப்பட்டார். அடுத்து பட்டமேறியவர் அவருடைய மகன்தான். ஆனால் சில ஆண்டுகளிலேயே வம்சம் முடிந்தது. மகனை ஊர் மறந்துவிட்டது. அப்பாவுக்குத் திதி மட்டும் நிற்கவில்லை.

ஆக, கடைசி காலத்துக்காகப் பிள்ளை என்ற கணக்கு ராஜாவுக்கே சரிவரவில்லை. கதையிலும் அவர் பிள்ளையைத் தூக்கி வளர்க்கவில்லை. எங்கள் கேள்வி அதுதான்: பிள்ளை பிளஸ் டூ முடிக்கையில் எனக்கு 57. அதுவரை ராத்திரி எழுந்து, தூக்கி, பின்னால் ஓட ஆசை இருக்கா? இருந்தால் பெத்துக்கலாம். திதிக்காக வேண்டாம்.