கதைமாந்தருக்கு முகம் தரும் செயற்கை நுண்ணறிவு

எழுத்தாளர் ஒருவர் தாம் படைத்த கதைமாந்தரின் தோற்றத்தைச் சொற்களில் விவரித்து, அதனைக் கணினி வழியாகப் படமாகப் பெறும் வழக்கம் 2022ஆம் ஆண்டில் பரவலானது. அதற்கு முன் இப்பணியை ஓவியர்களே செய்து வந்தனர். எழுத்தாளர் மனத்தில் இருக்கும் முகமும் வாசகர் காணும் முகமும் வேறுபடுவது பழைய சிக்கல். அம்முகம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி, படத்தை இயந்திரம் உருவாக்கத் தொடங்கிய பின் புதிய வடிவம் பெற்றது.

ஓவியர்களின் காலம்

ஆர்தர் கோனன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகள் 1891 முதல் இலண்டனின் 'ஸ்ட்ராண்ட்' இதழில் வெளிவந்தன. அவற்றுக்குச் சிட்னி பேஜட் படம் வரைந்தார். ஹோம்ஸின் அடையாளமாகிவிட்ட, முன்னும் பின்னும் விளிம்பு கொண்ட வேட்டைத் தொப்பி பேஜட்டின் தூரிகையில் பிறந்தது. அக்கதையில் டாயில் எழுதியது தலையோடு ஒட்டிய துணித்தொப்பி என்று மட்டுமே. தாம் எண்ணிய ஹோம்ஸ் படத்தில் உள்ளவரைப் போல அழகானவர் அல்லர் என்றும் டாயில் தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார்.

தமிழில், 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கிய பொன்னியின் செல்வன் தொடருக்கு மணியம் ஓவியம் தீட்டினார். வந்தியத்தேவன், குந்தவை, நந்தினி ஆகியோரின் உருவம் பல வாசகர்களின் நினைவில் அவ்வோவியங்கள் வழியாகவே பதிந்தது. எனினும் இத்தகைய வாய்ப்பு இதழ்களின் ஆதரவு பெற்ற எழுத்தாளர்களுக்கே கிட்டியது.

இயந்திரத்தின் வருகை

ஓப்பன்ஏஐ நிறுவனம் 2021 சனவரியில் டால்-ஈ என்னும் மென்பொருளை அறிமுகப்படுத்தியது. 2022 ஏப்ரலில் அதன் இரண்டாம் பதிப்பும், சூலையில் மிட்ஜேர்னியின் பொதுச் சோதனைப் பதிப்பும், ஆகத்தில் ஸ்டேபிள் டிஃபியூஷனும் வந்தன. ஓவியம் வரையத் தெரியாதவரும், ஓவியருக்கு ஊதியம் தர இயலாதவரும் தம் கதைமாந்தருக்கு உருவம் தரும் நிலை இதனால் ஏற்பட்டது.

இம்மென்பொருள்கள் படங்களையும் அவற்றின் விளக்கச் சொற்களையும் பெருமளவில் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை. 2022இல் வந்தவை ஒழுங்கற்ற புள்ளிகள் நிறைந்த பரப்பில் தொடங்கி, பயனர் தந்த சொற்களுக்கு ஏற்பப் புள்ளிகளைப் படிப்படியாகச் சீர்செய்து படத்தை உருவாக்குகின்றன. தொடக்கப் புள்ளிகள் மாறினால் அதே சொற்களுக்கும் வேறு முகம் கிடைக்கும். ஒரே கதைமாந்தரைப் பல காட்சிகளில் காட்ட வேண்டிய எழுத்தாளர்களுக்கு இதுவே பெரிய தடையாக இருந்தது. சில படங்களைக் கொண்டே ஓர் உருவத்தைக் கற்பிக்கும் ட்ரீம்பூத் முறை 2022இல் வெளியானது. மிட்ஜேர்னி 2024 மார்ச்சில் கதைமாந்தர் மேற்கோள் வசதியைச் சேர்த்தது.

ஸார்யாவின் பதிவு

நியூயார்க்கைச் சேர்ந்த கிரிஸ் கஷ்டனோவா, மிட்ஜேர்னி தந்த படங்களுடன் 'ஸார்யா ஆஃப் தி டான்' என்ற 18 பக்கப் படக்கதையை உருவாக்கினார். அதன் நாயகி நடிகை ஸெண்டாயாவை ஒத்திருந்தது அப்போதே பலராலும் சுட்டிக்காட்டப்பட்டது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2022 செப்டம்பரில் நூலைப் பதிவு செய்தது. படங்கள் உருவான விதம் தெரியவந்ததும் விளக்கம் கேட்டது.

2023 பெப்ரவரி 21 அன்று அலுவலகம் தன் முடிவை அறிவித்தது. கதையின் சொற்களும், சொற்களையும் படங்களையும் தேர்ந்து அடுக்கிய முறையும் கஷ்டனோவாவின் ஆக்கம் என ஏற்கப்பட்டன. தனித்தனிப் படங்களுக்குப் பாதுகாப்பு மறுக்கப்பட்டது. கட்டளைச் சொற்களைத் தருபவரால் என்ன படம் வரும் என்பதை முன்கூட்டியே அறியவோ கட்டுப்படுத்தவோ இயலாது என்பது அதன் காரணம். கட்டளைச் சொற்கள் மட்டும் போதுமான கட்டுப்பாட்டைத் தருவதில்லை என்ற நிலைப்பாட்டை 2025 சனவரியில் வெளியிட்ட அறிக்கையிலும் அலுவலகம் உறுதிசெய்தது. படத்தில் மனிதர் தம் கையால் செய்யும் படைப்பு மாற்றங்களுக்கு இந்த மறுப்பு பொருந்தாது.

ஓவியர்களின் எதிர்ப்பு

படக்கதை ஓவியர் சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கர்னன், கார்லா ஓர்டிஸ் ஆகிய மூவர் 2023 சனவரியில் ஸ்டெபிலிட்டி ஏஐ, மிட்ஜேர்னி, டீவியன்ட்ஆர்ட் நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தனர். தங்கள் ஓவியங்கள் இசைவின்றிப் பயிற்சிக்குப் பயன்பட்டன என்பது அவர்களின் குற்றச்சாட்டு. ஸ்டேபிள் டிஃபியூஷனின் பயிற்சிக்கு உதவிய லயன்-5பி தரவுத் தொகுப்பில் ஏறத்தாழ 585 கோடி படங்களுக்கான இணைப்புகள் இருந்தன. ஓர் எழுத்தாளர் தம் நாயகிக்குப் பெறும் முகத்துக்குப் பின்னால், பெயர் குறிப்பிடப்படாத பல ஓவியர்களின் உழைப்பும் உள்ளது.

பேஜட்டின் படத்துக்கு வரைந்தவர் என ஒருவர் இருந்தார். ஸார்யாவின் கதையைக் கஷ்டனோவா தம்முடையது எனக் கோர முடிந்தது. அவளுடைய முகத்தின் மீது அமெரிக்கச் சட்டத்தின்படி அவ்வாறு கோர முடியவில்லை.