மரை போன ஹெட்: ஒரு சிறு துளையின் கதை



சென்ற வாரம் எதிர்வீட்டுத் தம்பி தன் பைக்கின் ஸ்பார்க் பிளக்கைத் தானே மாற்றப் போய் மரையைப் போக்கிவிட்டான். பிளக் இறுகவே இல்லை. சுற்றச் சுற்றச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் “ஹெட்டையே மாத்தணும்” என்று சொல்லிவிட்டார்களாம். முகம் வாடி வந்து நின்றான். “கவலைப்படாதே தம்பி, இதே தப்பை 1987-இல் நானும் செய்திருக்கிறேன்” என்றேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

அப்போது கோவைக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை. கையில் பழைய மொபெட் ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டிவிட்டுத் திரும்ப மாட்டினேன். “நன்றாக இறுகட்டுமே” என்று பிளக் ஸ்பேனரின் கம்பியில் அரை மீட்டர் நீளக் குழாயைச் செருகி ஒரு இழுப்பு இழுத்தேன். முதலில் இறுகியது. பிறகு ‘பொதுக்’கென்று இளகியது. கழற்றிப் பார்த்தால் பிளக்கின் மரையில் வெள்ளை வெள்ளையாக அலுமினியம் நூல் மாதிரி சுற்றியிருந்தது. அந்த நூல்தான் ஹெட்டின் மரை.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தின வாரம்தான் வகுப்பில் நெம்புகோல் தத்துவம் நடத்தியிருந்தேன். 15 செ.மீ. கைப்பிடியில் 20 கிலோ எடைக்குச் சமமான விசை கொடுத்தால் முறுக்குத் திறன் ஏறக்குறைய 30 நியூட்டன் மீட்டர். அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 வரை போதும். அதே 20 கிலோவை அரை மீட்டர் குழாயின் முனையில் கொடுத்தால் கிட்டத்தட்ட 100. தேவையானதைப் போல மூன்று மடங்குக்கு மேல்! கரும்பலகையில் போட்ட கணக்கை வீட்டு வாசலில் மறந்துவிட்டேன்.

இந்தச் சிக்கல் ஏன் வருகிறது என்பதற்குப் பின்னால் நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு என் மொபெட்டுக்கு வருவோம்.

முதலில் மரை. ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றிய அளவில் திருகு வெட்டியது. ஓர் ஊர் போல்ட்டுக்கு அடுத்த ஊர் நட்டு சேராது. 1841-இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் திருகுகளைத் திரட்டிப் பார்த்து, 55 பாகைக் கோணத்தில் ஒரு பொது அளவை முன்வைத்தார். 1864-இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் வெட்டுவதற்கு இன்னும் எளிதான 60 பாகை மரையைச் சொன்னார். 1898-இல் சூரிச் நகரில் கூடிய மாநாடு மில்லிமீட்டர் மரைக்கு வடிவம் கொடுத்தது. இன்று உலகத்தில் எந்த நாட்டில் செய்த பிளக்கும் எந்த நாட்டு எஞ்சினிலும் ஏறுகிறது என்றால், அது இந்தப் பெரியவர்களின் புண்ணியம்.

அடுத்தது பிளக். 1860-இல் லெனுவார் பாரிஸில் செய்த வாயு எஞ்சினிலேயே மின்பொறி இருந்தது. ஆனால் நம்பிக்கையாக ஓடும் ஏற்பாடு வந்தது 1902-இல். ஜெர்மனியில் ராபர்ட் போஷின் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த காட்லோப் ஹோனோல்ட் உயர் அழுத்த மேக்னட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். பழைய எஞ்சின்களில் பிளக் தடிமனானது, 18 மி.மீ. மரை. பிறகு இளைத்து 14 ஆகி, இப்போது 12, 10 வரை வந்துவிட்டது. இந்த 18-ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

மூன்றாவது அலுமினியம். இது ஒரு காலத்தில் வெள்ளியோடு ஒப்பிடப்பட்ட அபூர்வ உலோகம். 1884-இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் ஏறக்குறைய 2.8 கிலோ எடையுள்ள அலுமினியப் பிரமிடை வைத்ததைப் பெருமையாகப் பேசினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1886-இல், அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெருவும் ஒருவரையொருவர் அறியாமலேயே மின்சாரத்தால் அதைப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். விலை சரிந்தது. 1903 டிசம்பர் 17-இல் ரைட் சகோதரர்களின் விமானம் எழும்பியபோது, சார்லி டெய்லர் செய்துகொடுத்த அந்த எஞ்சினின் கிராங்க் கேஸ் அலுமினிய வார்ப்புதான். ஆனால் அந்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது! சிலிண்டருக்குள் இரண்டு முனைகள் தொட்டுப் பிரியும்போது எழும் பொறியில்தான் அது ஓடியது.

பிளக்கையும் அலுமினியத்தையும் சேர்த்து வைத்தது விமானம்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் கிப்சன், ஹெரான் என்ற இருவர், காற்றால் குளிரும் சிலிண்டருக்கு அலுமினிய ஹெட் எவ்வளவு பொருத்தம் என்று ஆராய்ந்தார்கள். வார்ப்பிரும்பைவிட எடை மிகக் குறைவு. சூட்டையோ பல மடங்கு வேகமாகக் கடத்தி வெளியேற்றும். அங்கிருந்து மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் வந்தது. 1955 முதல் சென்னையில் தயாரான பழைய புல்லட்டைப் பாருங்கள். சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதன் மேல் உட்கார்ந்த ஹெட் அலுமினியம்.

நன்மையோடு ஒரு வம்பும் வந்தது. பிளக்கின் உடம்பு எஃகு, ஹெட் மென்மையான அலுமினியம். நூறு முறை கழற்றி மாட்டினால் தேய்வது எப்போதும் ஹெட்தான். போதாததற்கு, சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. ஓடி நிறுத்திய கொதிக்கும் எஞ்சினில் பிளக்கைக் கழற்றினால் மரை உரிந்துகொண்டு வரக் காரணம், சூட்டில் அலுமினியம் இன்னும் இளகியிருப்பதும் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்திருப்பதும்தான். கோணலாக நுழைத்தால் முதல் சுற்றே பாழ். அதிகமாக இறுக்கினால் என் கதைதான்.

மொத்தம் எத்தனை சுற்று மரை இருக்கிறது தெரியுமா? 14 மி.மீ. பிளக்கின் மரைக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ. பிளக் ஹெட்டுக்குள் இறங்கும் நீளம் 12.7 மி.மீ. என்றால் பத்து சுற்று. 19 மி.மீ. என்றால் பதினைந்து. ஒவ்வொரு வெடிப்பின் அழுத்தத்தையும் தாங்குவது இந்தப் பத்துப் பதினைந்து அலுமினியச் சுற்றுகள்தான். 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஃபோர்டு சில ஆண்டுகள் செய்த வி8, வி10 எஞ்சின்கள் சிலவற்றில் ஹெட்டில் நான்கைந்து சுற்று மட்டுமே இருந்தது. ஓடும்போதே பிளக் மரையோடு பிடுங்கிக்கொண்டு வெளியே தெறித்த கதை அமெரிக்க மெக்கானிக்குகளிடையே பிரசித்தம்.

இப்போது என் மொபெட்டுக்கு வருவோம். திங்கட்கிழமை மாலை ஹெட்டைக் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். புது ஹெட் விலையைச் சொன்னார். அந்த மாதச் சம்பளத்தில் அதற்கு இடமில்லை. “லேத்துப் பட்டறையில குடுத்துப் பாருங்க சார், புஷ் போட்டுத் தருவாங்க” என்றார்.

பட்டறைக்குப் போனேன். கடைசல் எந்திரத்தின் முன் கையெல்லாம் எண்ணெயோடு ஒரு பையன் நின்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் வகுப்புப் பையன்! ஓராண்டுக்கு முன் எட்டாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் கணக்கில் பத்தொன்பது மதிப்பெண் வாங்கியவன். மதிப்பெண் அட்டையில் “தசமம் அறவே வரவில்லை” என்று சிவப்பு மையில் எழுதியவன் நான். அதற்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை.

“வாங்க சார்” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். ஹெட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான். “மரை சுத்தமாப் போயிருச்சுங்க சார்.” பிளக்கின் மேல் ஒரு சீப்பு மாதிரியான அளவுத் தகட்டை வைத்துப் பார்த்தான். “ஒண்ணேகால் பிச்சுங்க. துளையைப் பெருசு பண்ணிப் பதினெட்டுல ஒன்றரை பிச்சு டேப் அடிச்சு, பித்தளையில புஷ் கடைஞ்சு போட்டுரலாமுங்க. உள்ள பழையபடி பதினாலு.”

“புஷ்ஷின் சுவர் எவ்வளவு தடிமன் வரும்?” என்றேன். வாத்தியார் புத்தி, கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை.

“பதினெட்டுல பதினாலு போனா நாலு. பக்கத்துக்கு ரெண்டு மில்லிங்க. வெளி மரை புள்ளி ஒம்போது தின்னுரும். மிச்சம் ஒண்ணு புள்ளி ஒண்ணு நிக்குமுங்க. அது போதுமுங்க சார்.”

தசமம் அறவே வராத பையன் மனக்கணக்காகச் சொன்ன விடை இது. வீட்டுக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

கவனித்தீர்களா? 18 மி.மீ. மரை பழைய பிளக்கின் அளவு. பிளக் இளைத்துவிட்டது, ஆனால் அதன் பழைய அளவு பட்டறையில் புஷ்ஷின் வெளி மரையாக உயிரோடு இருந்தது. பித்தளை ஏன் என்றால், சூட்டில் அதன் விரிவு எஃகைவிட அலுமினியத்துக்கு நெருக்கம். பையன் புஷ்ஷின் தலையில் ஒரு விளிம்பு விட்டுக் கடைந்தான். ஹெட்டில் இறுக்கி ஏற்றி, பிளக்கோடு சேர்ந்து கழன்று வராதபடி ஓரத்தில் நான்கு இடத்தில் சென்டர் பஞ்சால் குத்திப் பூட்டினான். பட்டறைக்காரர் முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்த மொபெட்டை நான் விற்கும் வரை அந்த மரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இது நம் ஊர்ப் பட்டறை கண்டுபிடித்த கைவைத்தியம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகு படித்தபோது தெரிந்தது, பழைய விமான எஞ்சின்களின் அலுமினிய ஹெட்டில் தொழிற்சாலையிலேயே வெண்கல புஷ் போட்டுத்தான் பிளக்கை மாட்டினார்கள். அந்தப் பையன் செய்ததும் அதே வேலைதான்.

புஷ்ஷுக்கு ஒரு குறை உண்டு. துளையை நிறையப் பெரிதாக்க வேண்டும். எல்லா ஹெட்டிலும் அதற்கு இடம் இருக்காது. இதற்கு விடை 1930-களின் இறுதியில் அமெரிக்காவில் வந்தது. நியூயார்க்கின் லாங் ஐலண்ட் சிட்டியில் இருந்த ஏர்கிராஃப்ட் ஸ்குரூ புராடக்ட்ஸ் என்ற நிறுவனம் கம்பிச் சுருளையே மரையாக்கியது. அதுதான் ஹெலிகாயில். கம்பியின் குறுக்குவெட்டு வட்டமாக இருக்காது, சாய்சதுரமாக இருக்கும். சுருட்டினால் வெளியே ஒரு மரை, உள்ளே ஒரு மரை. 14 மி.மீ. பிளக்குக்குத் துளையை 18 வரை கொண்டுபோக வேண்டாம், 15.6 அளவு மரை வெட்டினால் போதும். சுருள் துளையைவிடச் சற்றுப் பெரியது. சுருக்கி ஏற்றியதும் ஸ்பிரிங் போல விரிந்து தானே பிடித்துக்கொள்ளும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சாதாரண மரையில் சுமையின் பெரும்பகுதியை முதல் சில சுற்றுகளே தாங்கும், மற்றவை சும்மா இருக்கும். சுருள் வளைந்துகொடுப்பதால் சுமை எல்லாச் சுற்றுக்கும் பிரிகிறது. மேலும், இனிமேல் பிளக் உரசுவது துருப்பிடிக்காத எஃகோடு, அலுமினியத்தோடு அல்ல. ஆகவே சரியாகப் பழுது பார்த்த மரை, புதிதாக இருந்த மரையைவிட உறுதியானது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்கு இது பெரிதும் உதவியது. பிறகு பழுது பார்க்க மட்டுமல்லாமல், புது எஞ்சினிலேயே இந்தச் சுருளைப் போட்டு அனுப்பத் தொடங்கினார்கள். வைத்தியம் தடுப்பூசி ஆனது.

எதிர்வீட்டுத் தம்பியின் ஹெட்டுக்கும் ஹெலிகாயில்தான் போட்டோம். புது ஹெட் வாங்கவில்லை. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்:

1. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே பிளக்கில் கை வையுங்கள்.
2. முதல் சில சுற்றுகளை விரலால் மட்டும் திருகுங்கள். விரலுக்கு ஏறாவிட்டால் கோணல். ஸ்பேனரால் வற்புறுத்தாதீர்கள்.
3. வாஷர் உள்ள புது பிளக் என்றால், விரலால் முட்டும் வரை திருகிய பிறகு அரை முதல் மூன்றில் இரண்டு சுற்றுக்குள் நிறுத்துங்கள். குழாய் செருகாதீர்கள்!
4. மரை போய்விட்டால், கூடுமானவரை ஹெட்டைக் கழற்றியே டேப் அடிக்கச் சொல்லுங்கள். உலோகத் தூளோ சுருளின் உடைத்த நுனியோ சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டனுக்கும் கேடு.
5. “ஹெட்டையே மாத்தணும்” என்றால், ஒரு நல்ல லேத்துக்காரரிடம் இன்னொரு முறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. அன்று பட்டறையில் அந்தப் பையனிடம் “நான் எழுதியது தப்பப்பா” என்று சொல்லியிருக்க வேண்டும். ஆசிரியர் என்ற கௌரவம் வாயைக் கட்டிவிட்டது. காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் மறுவாரம் முதல் தசமம் நடத்தும்போதெல்லாம் ஒரு பை நிறைய போல்ட், நட்டு, பழைய பிளக்குகளைக் கொண்டுபோனேன். 1.25-ஐக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன் பிள்ளைகள் அதை விரலால் தடவிப் பார்த்தார்கள். பணி ஓய்வு பெறும் வரை இதை விடவில்லை. மதிப்பெண் அட்டையில் “அறவே” என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் எழுதியதே இல்லை.

உங்கள் பக்கத்தில் இதை மரை என்பீர்களா, புரி என்பீர்களா, த்ரெட் என்றே சொல்லிவிடுவீர்களா? பின்னூட்டத்தில் எழுதுங்கள். லேத்து வேலை தெரிந்தவர்கள் நான் ஏதாவது பிழையாக எழுதியிருந்தால் தயங்காமல் திருத்துங்கள்.