குழந்தைக்கு எப்போது இடம் கிடைத்தது?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் வில்லியனூரைத் தாண்டினால் அரியூர் வருகிறது. இவ்வூரில் வயல் வேலைக்குச் செல்லும் ஒரு தாயின் குழந்தைக்கு இருதயத்தில் துளை இருப்பதாக மருத்துவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு யார் பணம் தருவது? இக்கேள்விக்கு விடை காண உலகுக்கு நூறாண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

காப்பீட்டின் அடிப்படை எளிய கணக்குதான். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் சுமார் எட்டு அல்லது ஒன்பது பேருக்குப் பிறவியிலேயே இருதயக் குறை உண்டு. அவர்கள் யார் யார் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஏறத்தாழ எத்தனை பேர் என்று சொல்ல இயலும். ஆகவே ஒரு வீட்டைக் கடனில் மூழ்கடிக்கும் செலவை ஆயிரம் வீடுகள் பகிர்ந்துகொண்டால் எல்லோரும் தப்பலாம். தன் பங்கைச் செலுத்த முடியாத ஏழைக்காக அரசு செலுத்துகிறது.

தொழிலாளிக்கு மட்டும்

1883-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் ஆட்சியில் நோய்க் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1911-இல் பிரிட்டன் அதைப் பின்பற்றியது. ஆனால் பிரிட்டிஷ் சட்டம் தொழிலாளிக்குத்தான் மருத்துவரைக் கொடுத்தது. அவருடைய குழந்தைக்கு அல்ல. ஏன் தெரியுமா? கூலி ஈட்டுபவர் படுத்துவிட்டால் குடும்பம் பட்டினி கிடக்குமே என்பதே அன்றைய கவலை. கூலி ஈட்டாத குழந்தை அந்தக் கணக்கில் வரவில்லை. 1948-இல் தேசிய சுகாதாரப் பணி தோன்றிய பிறகே பிரிட்டனில் எல்லாக் குழந்தைகளுக்கும் வழி பிறந்தது.

நம் நாட்டில் 1946-இல் போர் குழு, பணமில்லை என்ற காரணத்தால் எவருக்கும் மருத்துவம் கிடைக்காமல் போகக்கூடாது என்று கூறியது. 1948-இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறி, 1952-இல் கான்பூரிலும் டில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. இங்கும் முதலில் தொழிலாளிக்கு மட்டுமே சிகிச்சை. குடும்பத்தினர் பின்னரே சேர்க்கப்பட்டனர். அதுவும் ஆலைத் தொழிலாளியின் குடும்பம்! ஆலையில் உழைத்தவரின் குழந்தைக்குக் காப்பீடு உண்டு. வயலில் உழைத்தவரின் குழந்தைக்கு இல்லை.

கதவு திறந்தது

அமெரிக்காவில் 1965-இல் ஏழைகளுக்கான 'மெடிக்கெய்ட்' வந்தது. அதற்குத் தகுதி பெறாத, ஆனால் தனியார் காப்பீடு வாங்கவும் இயலாத குடும்பங்களின் குழந்தைகள் நடுவில் சிக்கினர். அவர்களுக்காகவே 1997-இல் தனித் திட்டம் பிறந்தது.

இந்தியாவில் 2008-இல் வந்த ராஷ்ட்ரீய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் அளித்தது. ஆனால் ஐந்து பேருக்கு மட்டுமே இடம். தாய், தந்தை, தாத்தா, பாட்டி போக மீதி ஓர் இடம். வீட்டில் மூன்று குழந்தைகள் இருந்தால் யாரை விடுவது? 2009-இல் தமிழ்நாடு, உயர் சிகிச்சைக்கென நான்கு ஆண்டுகளுக்கு ஒரு லட்ச ரூபாய் வரம்புள்ள கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2018-இல் வந்த பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய யோஜனா வரம்பை ஆண்டுக்கு ஐந்து லட்சமாக்கி, குடும்பத்தில் இத்தனை பேர்தான் என்ற கட்டுப்பாட்டையும் நீக்கியது. புதுச்சேரியும் அதில் சேர்ந்தது.

அப்படியானால் கதை முடிந்ததா? இல்லை. இத்திட்டம் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உரியது. குழந்தைக்கு அடிக்கடி வரும் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு போன்றவற்றுக்கு வெளிநோயாளியாக வாங்கும் மருந்துக்கு இதில் பணமில்லை. அங்கே துணை நிற்பது ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமே. தொடக்கத்திலேயே அங்கு கவனித்தால் பல நோய்கள் மருத்துவமனைப் படுக்கை வரை போவதில்லை. எனவே ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று எண்ணுவது தவறு.

வாசகரே, உங்கள் தெருவில் தகுதியுள்ள குடும்பம் எதுவும் இருந்தால் ஒன்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களிடம் அட்டை இருக்கலாம். கைக்குழந்தையைச் சேர்த்துவிட்டார்களா?